முதல் வண்டியின் தடம்

(கோவையில் ஜீப் ஓட்டும் ஆர்வலர்களின் குழு ஒன்று நடத்திய ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களே, செயலாளர் தம்பி அவர்களே, பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் தம்பி என்னைக் கூப்பிடும்போது, "சார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க, எல்லாம் நம்ம பசங்கதான்" என்றார். காலமெல்லாம் காக்கி போட்டுத் திரிந்தவனைக் கூப்பிட்டு மேடையேற்றிவிட்டுப் பார்த்துப் பேசச் சொன்னால் எப்படி? (சிரிப்பு) உள்ளே வருவதற்கு முன் வெளியே வரிசையாக நின்ற உங்கள் வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். பழக்கதோஷம். என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கும் ஜீப் என்றால் உயிர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலகிரியில் ஒரு பழைய ஜீப் கொடுத்தார்கள். ஒரு நாள் ஓட்டினால் மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியாது. ஆனாலும் அதில் ஏறி உட்கார்ந்தால் நான்தான் ராஜா. அவலாஞ்சிப் பக்கம் ஒரு முகாமுக்குப் போக வேண்டும். சாலை வழியாகப் போனால் சுற்று. புல்வெளியில் நேராக இறங்கினால் கால்மணி நேரம். இறக்கினேன். கூட இருந்த வயதான வாட்சர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். "ஏன் பெரியவரே, பயமா?" என்றேன். "பயமெல்லாம் இல்லீங்க. இன்னிக்கு நீங்க போயிட்டீங்க. நாளைக்கு வேற எவனாச்சும் இந்தத் தடத்துல வந்தா, என்னன்னு சொல்லி நிறுத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தே வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே தடத்தில் வாட்டில் என்கிற சீகை மரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவரைக் கேட்டால், "ரோடு இருந்துச்சுங்க, வந்தேன்" என்கிறான். நான் போட்ட ரோடு அது.

இன்றைக்கு நான் பேச வந்தது அவ்வளவுதான். காட்டில் முதலில் போகிறவன் தனியாகப் போவதில்லை. பின்னால் வரப்போகிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறான்.

உங்களில் பலர் சொல்வீர்கள்: "சார், நாங்க மரத்தை வெட்டலை, மிருகத்தைச் சுடலை. வெறும் புல்லு. மழை பெஞ்சா முளைச்சுக்கும்." இந்த "வெறும் புல்லு" என்கிற வார்த்தைதான் நீலகிரியைப் பாதி அழித்தது. வெள்ளைக்காரன் வந்தான், மேல்மலைப் புல்வெளியைப் பார்த்தான், தரிசு என்று எழுதினான். தைல மரம் வைத்தான், சீகை வைத்தான். அவன் போன பிறகு நம் அரசாங்கமும், தோல் பதனிடப் பட்டை வேண்டும், துணி நூலுக்குக் கூழ் வேண்டும் என்று அதையே தொடர்ந்தது. என் துறைதான் செய்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இன்று அதே துறை சீகையைப் பிடுங்கிவிட்டுப் புல் நட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் புல்லை மீட்க என்ன பாடு என்பது நட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மலையின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முகட்டிலும் சரிவிலும் புல். மடிப்புகளில் சோலை. இரண்டும் சேரும் தாழ்வில் சதுப்பு. மேலே பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி சமதளம். வண்டி வைத்திருப்பவனுக்குக் கை அரிக்கும். அந்தப் பாய்க்கு அடியில் இருப்பது மண் மாதிரி மண் அல்ல. செத்த புல்லும் வேரும் தண்ணீருக்குள் முழுசாக மக்காமல், அடுக்கு அடுக்காகப் படிந்த கறுப்புப் பொருள். பீட் என்பார்கள். பஞ்சு மாதிரி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். பவானி, பைக்காரா எல்லாம் அந்தச் சொட்டில் பிழைக்கிற ஆறுகள். நீங்கள் காலையில் குடித்த காபியில்கூட அது இருந்திருக்கலாம்.

அதன் வயது என்ன தெரியுமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து சுகுமார் முதலிய ஆய்வாளர்கள் ஊட்டிப் பக்கத்துப் பீட்டைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து, 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது, எந்தக் காலத்தில் மரம் ஓங்கியிருந்தது என்று 20,000 ஆண்டுக் கதையை அந்தக் கறுப்பு மண்ணிலிருந்து படித்தார்கள். அந்த ஏட்டின் மேல்தான் நம் தம்பி ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான்.

மிதித்தால் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஈரத்தில் சக்கரம் சுழன்றால் வேர்ப்படலம் கிழிகிறது. வண்டி புதைகிறது. புதைந்ததும் இன்னும் மிதிக்கிறோம். ஓரடி ஆழத்துக்கு இரண்டு பள்ளம். பஞ்சுக்குள் இருந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வடிய ஆரம்பிக்கிறது. வடிந்தால் சுற்றியிருக்கும் பீட் காய்கிறது, காய்ந்தால் உதிர்கிறது. அடுத்த மழையில் பள்ளம் வாய்க்கால் ஆகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அந்த மாதிரி மழைக்குச் சரிவில் ஏற்கெனவே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தால், மலைக்கு எங்கே உடைய வேண்டும் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி.

பிறகு அடுத்த வண்டிக்காரன் வருகிறான். பள்ளத்தைப் பார்க்கிறான். புத்திசாலி அல்லவா, பள்ளத்தில் இறங்காமல் பக்கத்துப் புல்லில் ஒதுங்கிப் போகிறான். மூன்றாமவன் இன்னும் ஒதுங்குகிறான். ஒரு சீசனில், ஒரு ஜீப் போன இடம் நான்கு ஜீப் அகலம் ஆகிவிடும். ஆகவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது: ஏற்கெனவே இருக்கிற வண்டிப்பாதையில் பள்ளம் வந்தால் பள்ளத்திலேயே போங்கள். போக முடியவில்லையா, திரும்பிவிடுங்கள். பக்கத்தில் ஒதுங்குவதுதான் பாவம்.

புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வின்ச் வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஒரு முறை சதுப்பில் புதைந்த வண்டியை மீட்கப் போனேன். நான்கு பிள்ளைகள், நல்ல வேலையில் இருப்பவர்கள், குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரும்புக் கயிற்றை அப்படியே ஒரு நாவல் மரத்தைச் சுற்றிப் போட்டு இழுத்திருக்கிறார்கள். கயிறு பட்டையை வளையமாக அறுத்துவிட்டது. பட்டை சுற்றிலும் அறுந்தால் மரம் செத்த மாதிரிதான், சாக இரண்டு வருடம் ஆகும், அவ்வளவுதான். கூனிக்குறுகி நின்ற சோலை மரம் அது, மெதுவாக வளர்ந்தது, என் தாத்தாவைவிட மூத்ததாக இருந்திருக்கும். மரத்தைச் சுற்றிப் போட அகலமான துணிநாடா கடையில் கிடைக்கிறது. அது இல்லாமல் வின்ச்சைத் தொடாதீர்கள். அபராதம் கட்டச் சொன்னபோது ஒரு பையன், "சார், விளம்பரத்துல இப்படித்தானே ஓட்டறாங்க" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஓடையின் நடுவே தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பாயாத ஜீப் விளம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. கலங்கிய ஓடையைக் காட்டுகிற விளம்பரத்தையும் பார்த்ததில்லை.

கூடாரம் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கோடையை விட்டால் மலைக்குக் கூட்டம் அலைமோதுவது எப்போது? டிசம்பர், ஜனவரியில், உறைபனி பார்க்க. உறைபனி என்ன செய்யும்? புல்லைக் கருக்கிவிடும். விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பது மத்தியானத்துக்குள் வைக்கோல். அதாவது மலை முழுக்க வைக்கோல்போர் ஆகிற அதே மாதங்களில்தான் நாம் தீப்பெட்டியோடு போகிறோம். குளிராயிற்றே, மூட்டாமல் இருப்பானா? மூட்டுகிறான். காலையில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அணைந்துவிட்டது என்று கிளம்புகிறான். மண் போட்டால் கங்கு சாகாது, மூடிக்கொண்டு தூங்கும். அடியில் பீட்டோ வேரோ இருந்தால், நெருப்பு சுடர் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நடந்து போய் வேறிடத்தில் எழும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் கிளம்பாதே. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நெருப்பே மூட்டக் கூடாது என்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டத்திலிருந்தே இருக்கிறது, சரணாலயம் என்றால் 1972 சட்டம் வேறு. ஆனால் நான் சட்டத்தைச் சொல்லி யாரையும் திருத்தியதில்லை.

தேனி மாவட்டத்துக் குரங்கணியைச் சொல்கிறேன். 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 23 உயிர். பலர் இளம்பெண்கள், ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். தீ எப்படிப் பிடித்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அதற்குள் நான் போகவில்லை. அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்தது, மலையில் தீயோடு ஓடி ஜெயிக்க முடியாது என்பது. சமவெளித் தீ ஆளுக்குச் சமமாக ஓடும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, தனக்கு முன்னால் இருக்கிற புல்லைச் சுட்டுக் காயவைத்துக்கொண்டே ஏறும். மனுசன் மூச்சிரைக்க ஏறுவான், அது காற்றில் ஏறும். எங்கள் வாட்சர்கள் பச்சைத் தழையை ஒடித்து அடித்துத்தான் இன்றைக்கும் தீயை அணைக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வருகிற இடமா அது?

குரங்கணிக்குப் பிறகு என்ன நடந்தது? மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. கதவுகள் சாத்தப்பட்டன. ஒழுங்காக நடந்து போய், ஒழுங்காகத் திரும்பி வந்தவனுக்கும் சேர்த்துத்தான் சாத்தினார்கள். 2024 அக்டோபரில்தான் வனத்துறை 40 பாதைகளைக் குறித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கி, முறையாகத் திறந்தது. வண்டிக்கும் அதே கதை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். மறு வருடக் கோடையில் எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. ஊட்டியில் அத்தை வீடு இருப்பவனும் பாஸ் எடுக்கிறான். ஒவ்வொரு தடைக்கும் முன்னால் யாரோ ஒருவன் "நான் ஒருத்தன் போனா என்ன" என்று போயிருக்கிறான்.

பாட்டில் விஷயம் ஒன்று. சிரிக்காதீர்கள். டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அந்தத் திட்டம் 2022-இல் முதலில் வந்தது நீலகிரியில்தான். காட்டில் கிடந்த உடைந்த பாட்டில்கள் நீதிமன்றம் வரை போனதால் வந்தது. யானையின் பாதம் பார்க்கத்தான் தூண். அடியில் மெத்தை. கண்ணாடி ஏறினால் தானாக வெளியே வராது. சீழ் வைக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ கிலோமீட்டர் நடந்தால்தான் அதற்குச் சோறு. நடக்க முடியாத யானை பட்டினியில்தான் சாகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதை உட்கார்ந்து பார்த்தவன் பேசுகிறேன். உங்கள் கூடாரத்துப் பாட்டிலை யாரோ பொறுக்குவார் என்று நினைக்காதீர்கள். பொறுக்குவதற்கு முன்னால் யானை மிதிக்கும்.

ராத்திரிப் பயணம், வண்டி நெற்றியில் வரிசை விளக்கு, இதைப் பற்றியெல்லாம் நீளமாகப் பேச நேரமில்லை. கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காட்டில் 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிப் போக்குவரத்தையே அநேகமாக நிறுத்தியிருக்கிறார்கள், அதுவும் தேசிய நெடுஞ்சாலையில். தார்ச்சாலைக்கே அப்படி என்றால், சாலையே இல்லாத இடத்தில் ராத்திரி உங்களுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டு விட்டுவிடுகிறேன்.

ஜீப்பை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்காரர்கள் ஏற்றிப் போகிறார்களே, ஒரு முறை போய்ப் பாருங்கள். பல் ஆடுகிற கல் பாதை, எஸ்டேட் பாதை. ஒரு சக்கரம் பாதையை விட்டு இறங்காது. வேகமும் கிடையாது. அவர்களுக்கு அது சோறு. அவர்களும் நீங்களும் ஓட்டுவது ஜீப்தான், ஆனால் அவர்களுக்கு நாளைக்கும் அந்தப் பாதை வேண்டும். பட்டா நிலத்தில், கல்குவாரி மூடிய இடத்தில், உரிமையாளரிடம் கேட்டு உங்கள் பந்தயத்தை வைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் புரள ஆசையா, அறுவடை முடிந்த வயலைக் குத்தகைக்கு எடுங்கள். நானே வந்து கொடி அசைக்கிறேன்.

சரி, வெளியே என்ன பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? வலமிருந்து நான்காவது வண்டி, முன் சக்கரத்து மட்கார்டுக்கு உள்பக்கம். காய்ந்த கறுப்பு மண். கோவையிலும் கரிசல் உண்டு, தெரியும். கரிசல் காய்ந்தால் கல்லாக இறுகும், நகத்தால் சுரண்டினால் நகம்தான் உடையும். இது சுரண்டினதும் நார் நாராகக் கையோடு வந்தது. சின்னச் சின்ன வேர். இதோ, கைக்குட்டையில் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன்.

யாருடைய வண்டி என்று நான் கேட்கப்போவதில்லை. செயலாளர் தம்பி, நீங்களும் கேட்க வேண்டாம். டீ குடிக்கும்போது அந்தத் தம்பியே வந்து, எந்த இடத்தில் இறக்கினார் என்று மட்டும் என் காதில் சொல்லட்டும். இப்போதைக்கு அங்கே இரண்டு கோடுதான் இருக்கும். மழைக்கு முன்னால் போனால், வேரும் மண்ணுமாக வெட்டின புல்கரணையை வைத்து அடைத்துவிடலாம். வனச்சரக ஆபீசில் சொல்லி அனுமதி வாங்குவது என் பொறுப்பு. மண்வெட்டி நான்கு வேண்டும். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும்.