முதலில் தன்னை அறிக!

(தலைப்பு: சமூகப்பணியாளருக்கு முதல் தேவை மக்களின் பண்பாட்டை அறிவதா, தன்னை அறிவதா? ‘தன்னை அறிவதே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவை எடுத்துக்காட்டினார். 1978-இல் அங்கே பூர்வகுடிக் குழந்தைகள் நலச் சட்டம் வருவதற்கு முன், அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டிருந்ததாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. பாட்டியிடம் வளரும் பிள்ளையைக்கூடப் ‘பெற்றோர் கவனிக்காத பிள்ளை’ என்று அங்கிருந்த சமூகப்பணியாளர்கள் எழுதினார்கள். பண்பாடு தெரியாததால் வந்த வினை என்றார். தகவல் சரி, காரணம் பாதிதான். பாட்டி வளர்ப்பது அந்தப் பணியாளர்களின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அப்பா, அம்மா, பிள்ளை என்ற தங்கள் வீட்டு வழக்கத்தையே உலகத்துக்கான அளவாக வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு பண்பாடுதான் என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

நம் ஊருக்கு வருவோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. அதன் முன் வரும் ஒரு குழந்தையைப் பற்றி விசாரித்து அறிக்கை தர, பணியாளர் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போகிறார். அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார். “இப்பதாம்மா குடிச்சேன்” என்கிறார் பணியாளர். நிஜமாகவே தாகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காவிட்டால் இந்த மண்ணில் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். பிறகு எதைக் கேட்டாலும் “ஆமாங்க”, “சரிங்க”தான். அறிக்கையில் என்ன ஏறுகிறது? ‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ அந்தச் சமூகத்தின் சடங்குகளை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தாலும் இந்தத் தவறு நடக்கும்.

“அதே சமூகத்து ஆளை அனுப்பினால் தீர்ந்தது” என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். தீராது. சொந்தபந்தத்தின் காதுக்குப் போய்விடுமோ என்று குடும்பம் வாயைத் திறக்காது. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினாலும், “நம்ம பக்கம் வழக்கம்தானே” என்று பணியாளரே கடந்துபோவார். பண்பாடு முழுக்கத் தெரிந்தவரிடம் நேரும் பிழை இது.

சரி, தன்னை அறிவதை எப்படிச் செய்வது? கிளம்புமுன் பத்து நிமிடம் நோட்டோடு உட்காரட்டும். இந்த வீட்டில் எதைப் பார்க்கப்போகிறேன் என்று இப்போதே முடிவு கட்டியிருக்கிறேன்? என் பெயர், பொட்டு, பேச்சு, வண்டி இவற்றைப் பார்த்து அவர்கள் என்னை யாரென்று நினைப்பார்கள்? திரும்பி வந்ததும் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் தான் நினைத்தது. ‘பொறுப்பற்ற தாய்’ என்று வலப்பக்கம் இருந்தால், அதற்கு நேரே இடப்பக்கம் என்ன இருக்கிறது? ‘பிள்ளை மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதாகச் சொன்னாள்’ என்றிருந்தால், அறிக்கைக்குப் போக வேண்டியது அதுதான். ‘பொறுப்பற்ற’ என்பதை அடித்துவிட வேண்டும்.

இதுவும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ‘நான் சாதி பார்ப்பதில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். களப்பணி மேற்பார்வையாளர் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துக் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளரா? எந்தத் தெருவிலிருந்து உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் வந்ததில்லை? இப்படிக் கேட்கிற மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் பயிற்சியே இல்லை என்பேன்.

நேரம் இல்லை என்பது எதிரணியின் கடைசி வாதம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 36ஆம் பிரிவு இந்தச் சமூக விசாரணைக்குத் தருவது 15 நாள். குழுவின் இறுதி ஆணைக்கு 4 மாதம். பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து எழுதிய தவறான அறிக்கையால் குழந்தை மாதக்கணக்கில் குடும்பத்தைவிட்டுக் குழந்தைகள் இல்லத்தில் கிடக்கும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்லும்போது, அந்தப் பத்து நிமிடத்தை வேண்டாம் என்று சொல்ல எதிரணிக்கு என்ன நியாயம் இருக்கிறது, நடுவர் அவர்களே?