பனி விழுந்தாதான் ரோடு! ரோரோஸ் சந்தைக்கு வர்ற குதிரை வண்டிகள்

வணக்கம் மக்களே. ஒரு நிமிஷம் பேசாம இருக்கேன், அந்தச் சத்தத்தைக் கேளுங்க... மணிச் சத்தம் கேக்குதா? பனியில சறுக்கு வண்டி ஓடுனா சத்தமே வராது. இருட்டுல, ஒத்தையடிப் பாதையில எதிர்ல வண்டி வர்றது தெரியணும்ல? அதுக்குத்தான் குதிரைக்கு மணி.

நான் நிக்கிறது நார்வேயில, ரோரோஸ் ஊர்ல. பிப்ரவரி மாசச் சந்தை. 1854ல ஆரம்பிச்சது. இதோ வர்றாங்க பாருங்க, இவங்கள்ல சிலபேர் ஸ்வீடன்ல இருந்து நாள்கணக்கா குதிரையோடயே வந்தவங்க.

1914 ஜனவரியில மைனஸ் 50.4 டிகிரி வரைக்கும் போன ஊருங்க இது. இந்தக் குளிர்ல எதுக்குப் பயணம்னு தோணும். ஆனா அந்தக் காலத்துல இவங்க பனி எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க! கோடையில இங்க எங்க பாத்தாலும் சதுப்பு, ஏரி, பாறை. பாரம் ஏத்துன சக்கர வண்டி அச்சு வரைக்கும் புதைஞ்சிரும். குளிர்ல ஏரி உறைஞ்சா அதுவே ரோடு, நேரா குறுக்கால போயிடலாம்.

1644ல இருந்து 1977 வரைக்கும், 333 வருஷம் இங்க தாமிரத் தொழில். அதை உருக்க மலைமலையா விறகும் கரியும் வேணும். பக்கத்துக் காட்டை வெட்டித் தீர்த்துட்டாங்க, அப்புறம் தூரத்துல இருந்துதான் வரணும். அந்தப் பாரத்தையெல்லாம் இழுத்தது விவசாயிங்களோட குதிரைங்க. வயல் வேலை இல்லாத மாசத்துல அவங்களுக்கு அதுதான் கைக்காசு.

கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன். வண்டிக்கு அடியில ரெண்டு நீளக் கட்டை, அடியில இரும்புப் பட்டை. ராத்திரி நிறுத்தி வச்சா பனியோட ஒட்டிக்கும். காலையில நேரா இழுத்தா அசையாது, பக்கவாட்டுல ஒரு வெட்டு வெட்டி இழுக்கணும், அப்பதான் விடும். லாடத்துல பாருங்க, ஐஸ்ல வழுக்காம இருக்க ஆணி மாதிரி குமிழ் வச்சிருக்காங்க.

அந்த அண்ணனைப் பாத்தீங்களா? வண்டி நின்னதும் தன்னோட கையுறையைக்கூடக் கழட்டல, முதல்ல குதிரை மேல கம்பளி. வேர்த்த உடம்புல குளிர் ஏறிடக்கூடாதுன்னு. மூக்கைச் சுத்தி மூச்சே வெள்ளையா உறைஞ்சிருக்கு.

கடிவாள இரும்பை ஏன் உள்ளங்கையில பொத்தி வச்சிருக்காருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சூடு பண்றாரு. சில்லுன்னு வாயில வச்சா நாக்குல ஒட்டிக்குமாம்.