மேசைக்குள் ஒரு நாற்காலி

திரையில் தெரிவது வட்ட மேசைதானே? அடுத்த படத்தைப் பாருங்கள். பலகை செங்குத்தாக எழுந்து நிற்கிறது, அடியில் ஓர் இருக்கை தெரிகிறது. இரண்டும் ஒரே பொருள்தான். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்து வீடுகளில் புழங்கிய நாற்காலி மேசை இது.

வேலைப்பாடு எளிமையானது. பலகையின் அடியில் இரண்டு சட்டங்கள். அவற்றைத் துளைத்துக்கொண்டு நாற்காலியின் கைகளுக்குள் செல்லும் நான்கு மர முளைகள். முன்னால் இருக்கும் இரண்டை உருவிவிட்டால் பின்னால் இருப்பவை கீல் போலச் சுழலும், பலகை நிமிர்ந்துவிடும். இரும்பே தேவையில்லை. சிலவற்றில் இருக்கைக்குக் கீழே ஓர் இழுப்பறையும் உண்டு.

இடம் போதாமல்தான் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மைதான். 17ஆம் நூற்றாண்டு மாசசூசெட்ஸ் வீடுகளில் கீழே ஒன்றோ இரண்டோ அறை, பலவற்றில் மேலேயும் அறை உண்டு. ஆனால் ஜனவரி மாதத்தில் கணப்படுப்பு எரியும் அறையை விட்டு யார் நகர்வார்கள்? சமையல், சாப்பாடு, நூல் நூற்பது, தூக்கம் எல்லாம் அங்கேயேதான். அவர்களுக்குப் பஞ்சம் இடத்துக்கு இல்லை, சூட்டுக்கு. அதனால்தான் அந்தப் பலகையை நிமிர்த்தி, நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வரும் குளிர்காற்றை அது மறித்தது. மேசையாக இருந்தது மறைப்புச் சுவராகவும் ஆயிற்று.

மற்றவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பெரியவர்களின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் சின்னக் கட்டில், ட்ரண்டில், பிள்ளைகளுக்கு. இரவில் இழு, காலையில் தள்ளு. பல கட்டில்களுக்குச் சட்டத்துக்குள் கயிறுதான். தொய்ந்தால் ஒரு மரச் சாவியை மாட்டி முறுக்கி இறுக்குவார்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்-லெக் மேசையில் கால், வாசல் கேட்டைப் போல வெளியே திரும்பி, பலகையின் மடங்கும் பக்கமான இறக்கையைத் தாங்கும். உள்ளே திருப்பினால் இறக்கை தொங்கிவிடும், மேசை சுவரோரம் ஒல்லியாக நிற்கும்.

சரி, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வட்ட மேசை என்று யாராவது காட்டினால் டேப்பை எடுங்கள். இழை ஓடும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். மரம் இழைக்குக் குறுக்கேதான் சுருங்கும். இருநூறு வருஷம் ஆன வட்டம் கச்சிதமான வட்டமாக இருக்காது. இரண்டு அளவும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனால், அங்கே பேரம் பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

ஷேக்கர்கள் கதை வேறு. 1774இல் ஆன் லீயின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து வந்த சமயக் குழுவினர் அவர்கள். துறவிகளைப் போலக் கூடி வாழ்ந்தார்கள், கட்டிய வீடுகளோ பெரியவை. அங்கே இடப் பஞ்சமே கிடையாது. இருந்தும் அறையைச் சுற்றிச் சுவரில் ஒரு சட்டம், அதில் வரிசையாக முளைகள். தொப்பி, துடைப்பம், நாற்காலி எல்லாம் அதில் தொங்கும். பெருக்குவதற்குத் தரை வேண்டுமே! நாற்காலியைத் தலைகீழாக மாட்டினால் உட்காரும் பக்கத்தில் தூசியும் படியாது. எனக்கு இவர்கள் நாற்காலிகளைவிட அந்த முளைகளின் மேல்தான் அதிக மரியாதை.

அப்புறம் நகரம் வந்தது, வாடகை வந்தது. சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய சாரா குட், ஒரு கறுப்பினப் பெண். 1885 ஜூலை 14 அன்று, மடக்குக் கட்டில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், எண் 322177. அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். அந்தக் கட்டிலை இரவில் விரித்துப் படுக்கலாம். விடிந்ததும் மடக்கி நிறுத்தினால் எழுது மேசை, காகிதங்களுக்கும் பேனாவுக்கும் தனித்தனி அறைகளோடு. அதன் வரைபடம் அடுத்த படத்தில் இருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் குறைக்கிறீர்களா?