வாஷ்பேசினில் துருக்கறை: முதலில் உப்பு, அப்புறம் துரு

(காட்சி: வெள்ளை வாஷ்பேசின். குழாய்க்கு நேர் கீழே ஒரு காவிக்கோடு.)

இந்தக் கோட்டைப் பாருங்கள். குழாய் சொட்டுகிற இடத்தில் தொடங்கி, விரல் அகலத்துக்கு, தண்ணீர் இறங்கும் ஓட்டை வரை போகிறது. வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் தெருவிலும், பாத்ரூமுக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தானே.

பீங்கான் துருப்பிடிக்காது. கறை தண்ணீரிலிருந்து வருகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்புக்கு நிறம் இல்லை. காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே கறை விழும்.

நம் கை முதலில் போவது ப்ளீச்சிங் பவுடருக்கு. தயவுசெய்து வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து கறையை இன்னும் அழுத்திப் பதித்துவிடும். அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

கம்பி நாரும் செங்கல் பொடியும் கூடாது. பீங்கானின் பளபளப்பு, சூளையில் சுட்டு உருக்கிய மெல்லிய கண்ணாடிப் பூச்சு. பாரிவேர் கம்பெனியின் பீங்கான் நம் ராணிப்பேட்டையிலும் செய்யப்படுகிறது. எந்தக் கம்பெனி பீங்கானுக்கும் உயிர் அந்தப் பூச்சில்தான். அதில் கீறல் விழுந்தால் துரு அதற்குள் போய் உட்காரும். கம்பி நாரின் துணுக்கு ஒட்டிக்கொண்டால் அதுவே புதுக்கறை.

(காட்சி: கறையை நெருங்கிக் காட்டவும். ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு.)

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். கோட்டின் ஓரத்தில் சொரசொரப்பாக வெள்ளைப் பொருக்கு தெரிகிறதா? அது கடின நீரின் சுண்ணாம்பு உப்பு. துரு இந்தப் பொருக்குக்குள் சிக்கியிருக்கிறது. துருவை எடுக்கும் ஆக்சாலிக் ஆசிட்டை நேரே போட்டால், அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். அதனால் முதலில் உப்பை எடுக்க வேண்டும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கிடைக்கும். கால் லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரையுங்கள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, கறையின் மேல் நீளவாக்கில் ஒட்டவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். புதுக்கறை இதிலேயே போய்விடும். டாய்லெட் கோப்பை என்றால், முதலில் மக்கால் தண்ணீரை மொண்டு எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆசிட் நீர்த்துப்போகும்.

பழைய கறை நின்றால்தான் ஆக்சாலிக் ஆசிட். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மரப்பட்டைச் சாறில் பதப்படுத்திய தோலில் இரும்பு பட்டுக் கறுத்தால், அதை எடுக்கப் பயன்படுவதும் இதே ஆசிட்தான். இரும்பைப் பிடித்துக் கரைத்து இழுத்துக்கொள்ளும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போதும். ரப்பர் கையுறை, கண்ணாடி போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். துணியால் கறைமேல் தடவி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். பளபளக்கும் குழாயிலும் மார்பிள் தரையிலும் படவிடாதீர்கள்.

இது விஷம். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மீந்ததைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிவைக்கவே கூடாது. தேவையான அளவு மட்டும் கரையுங்கள். பொடியைப் பெயர் எழுதிய டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டிவையுங்கள்.

(காட்சி: குழாய் நுனியில் தொங்கும் ஒரு சொட்டு.)

இந்தச் சொட்டு நிற்காவிட்டால் கோடு திரும்ப வரும். வாஷரை மாற்றுங்கள். காலையில் தண்ணீர் முதலில் சிவப்பாக வந்து பிறகு தெளிந்தால், பழைய இரும்புக் குழாயைச் சந்தேகப்படுங்கள், பிளம்பரிடம் காட்டுங்கள். போரிலிருந்து தெளிவாக வந்த தண்ணீர், வாளியில் சில மணி நேரம் நின்று மஞ்சளானால், இரும்பு பூமியிலிருந்தே வருகிறது. அதற்கு மேல்தொட்டிக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வேண்டும். அதை வைக்கும்வரை, வாரம் ஒரு தரம் எலுமிச்சை உப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.