சிதேக்கியா காணாத பாபிலோன்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போவதையும் திரும்பி வருவதையும் பற்றிய வேதாகமத் தீர்க்கதரிசனங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்கள், எழுபது வருஷக் கணக்கு, அவனுக்கு முந்தின ராஜா யோயாக்கீனின் மோதிரம் என்று மூன்றை எடுத்து வைத்தார். மோதவில்லை என்கிறது எங்கள் அணி. முதலாவதற்குத்தான் அதிக நேரம் எடுப்பேன். மோதுகிறது என்று நினைத்தே ஒரு ராஜா கெட்டுப்போனான்.

எருசலேமில் எரேமியா தீர்க்கதரிசி சிதேக்கியாவிடம் சொல்கிறார்: உன் கண்கள் பாபிலோன் ராஜாவின் கண்களைக் காணும், நீ பாபிலோனுக்குப் போவாய். இது எரேமியா புத்தகம் 34ஆம் அதிகாரம். கி.மு. 597இலேயே சிறைப்பட்டுப் போய்ப் பாபிலோன் தேசத்துக் கேபார் நதியோரம் இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் சொல்கிறார்: அவன் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுவான், ஆனாலும் அதைக் காணமாட்டான், அங்கேயே சாவான். போவானாம், காணமாட்டானாம்! இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சிதேக்கியா இரண்டு பேரையுமே நம்பவில்லை என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார்.

அப்புறம் என்ன நடந்தது? நகரத்து மதில் உடைந்ததும் ராஜா இராத்திரியில் ஓடினான். எரிகோ சமவெளியில் பிடிபட்டான். அவனை நேரே பாபிலோனுக்குக் கொண்டுபோகவில்லை. வடக்கே, இன்றைய சிரியாவில் உள்ள ரிப்லாவுக்குக் கொண்டுபோனார்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அங்கே இருந்தான். கண்ணும் கண்ணும் பார்த்தது அங்கேதான். சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண் முன்னாலேயே வெட்டினார்கள். பிறகு அவன் கண்களைக் குருடாக்கி, வெண்கல விலங்கு போட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். போனான், காணவில்லை. எரேமியா சொன்னதும் நடந்தது, எசேக்கியேல் சொன்னதும் நடந்தது. இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது என்றால்தானே ஐயா முரண்பாடு?

எசேக்கியேல் வாயால் மட்டும் சொல்லவில்லை. சாயங்காலத்தில் எல்லாரும் பார்க்கச் சுவரில் துவாரமிட்டு, மூட்டையைத் தோளில் போட்டு, தரை தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்க் காட்டினார். அந்த மூடிய முகத்தை நினைத்தால் எனக்கு மனது பதறுகிறது.

நடந்து முடிந்த பிறகு எழுதிய தீர்க்கதரிசனம் இது என்று எதிரணியினர் சொல்லலாம். சரி, ஒரு வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். இன்றைய தலைப்பு முரண்பாடு. எப்போது எழுதினார்கள் என்பதற்கு இன்னொரு பட்டிமன்றம் போடலாம்.

அதே 34ஆம் அதிகாரத்தில் 'சமாதானத்தோடே சாவாய்' என்றும் இருக்கிறதே, அவன் சாகும்வரை காவலில் அல்லவா கிடந்தான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, எங்களுக்கு எதிராக இருப்பதிலேயே கனமானதும் இதுதான். ஆனால் அதற்கு முந்தின வரி, பட்டயத்தால் சாவதில்லை என்கிறது. பிடிபடுவாய் என்று அதற்கும் முன்பே சொல்லியாயிற்று. பட்டயச் சாவு இல்லை என்பதே அங்கே சொன்ன சமாதானம். விடுதலை தருவதாக எரேமியா எங்கேயும் சொல்லவில்லை. இன்னொன்று, 38ஆம் அதிகாரத்தில் அவனுக்கு ஒரு வழியும் காட்டினார்: பாபிலோன் பிரபுக்களிடம் சரணடைந்தால் பிழைப்பாய், நகரமும் எரியாது. அவன் பயந்து பின்வாங்கினான்.

எழுபது வருஷத்துக்கு வருகிறேன். 597இலிருந்து, யூதர்கள் திரும்பிப் போகப் பாரசீக ராஜா கோரேசு அனுமதி கொடுத்த 538 வரை அறுபதுகூட இல்லையே என்றார்கள். கணக்கு சரி, தொடங்கின இடம் தப்பு. எரேமியா 25ஆம் அதிகாரத்தின்படி ஜாதிகள் எழுபது வருஷம் பாபிலோன் ராஜாவைச் சேவிக்கும், அது முடிந்ததும் பாபிலோனுக்குத் தண்டனை வரும். எண்ண வேண்டியது பாபிலோனின் ஆட்சியை. அசீரியாவின் கடைசி எதிர்ப்பு அடங்கியது 609, பாபிலோன் விழுந்தது 539. தானியேல் புத்தகம் 9ஆம் அதிகாரம் எருசலேம் பாழாய்க் கிடந்த எழுபது வருஷத்தைப் பேசுகிறதே என்றால், ஆலயம் எரிந்தது 586 என்று கொள்ளுங்கள். பாரசீக ராஜா தரியுவின் ஆறாம் வருஷமான 515இல் அதைக் கட்டி முடித்தார்கள். எழுபதும் சில மாதங்களும்.

மோதிரம் கடைசி. யோயாக்கீன் என் வலதுகை முத்திரை மோதிரமானாலும் கழற்றி எறிவேன் என்று எரேமியா மூலம் சொன்ன கர்த்தர், அவன் பேரன் செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று ஆகாய் தீர்க்கதரிசி மூலம் சொல்கிறார். எரேமியாவின் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள்: யோயாக்கீனின் வித்தில், அதாவது சந்ததியில், ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காருவதில்லை. செருபாபேல் உட்கார்ந்தானா? அவன் யூதாவின் தலைவன், தரியுவுக்குக் கீழே ஓர் அதிகாரி. ஆலயத்தைக் கட்டினான், முடிசூடவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், இரண்டும் சேர்ந்து நடந்திருக்கவே முடியாத ஓர் இடத்தை அதிகாரமும் வசனமுமாக எடுத்துக் காட்டட்டும். நடுவர் அவர்களே, நன்றி.