கிளிநொச்சி வன்னியில், வாக்கு யாழ்ப்பாணத்தில்: அரசியல் புவியியல் என்றால் என்ன?

[திரை: இரணைமடுக் குளம், கீழே வயல்வெளி]

வணக்கம். இலங்கையின் வடக்கே, யாழ் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் நிலப்பரப்புத்தான் வன்னி. கிளிநொச்சி வன்னி மண்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாராளுமன்றத் தேர்தல் வந்தால் கிளிநொச்சிச் சனம் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வருபவை வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டுமே.

ஏன் இப்படி? கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்தோடு இருந்தது. பிறகு தனி மாவட்டமாகி, தனிக் கச்சேரியும் (மாவட்டச் செயலகமும்) வந்தது. தேர்தல் எல்லை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அதனால் கிளிநொச்சியில் நிற்கும் வேட்பாளர் குடாநாட்டிலும் விருப்பு வாக்கு, அதாவது கட்சி வாக்கோடு வேட்பாளருக்கென்று போடும் வாக்கு, கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. எந்தத் தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதும் இந்த எல்லையோடுதான் போகிறது.

அதிகாரம் நிலத்தில் எங்கே, எதுவரை செல்கிறது, அந்த எல்லையை யார் வரைந்தார்கள், அதனால் யாருக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்கிற துறைதான் அரசியல் புவியியல். நாட்டு எல்லையில் தொடங்கி உங்கள் கிராம சேவையாளர் பிரிவு வரை எல்லாம் இதற்குள் வரும்.

[திரை: பழைய ஐரோப்பிய வரைபடம்]

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜெர்மானியரான பிரெடரிக் ராட்சல் 1897இல் இத்துறைக்கு ஒரு பெரிய நூல் எழுதினார். அரசு ஓர் உயிரி, அது வளர நிலம் வேண்டும் என்பது அவர் கருத்து. அதைப் பின்னாளில் நாஜிகள் நாடு பிடிக்கப் பயன்படுத்தியதால் இத்துறையின் பெயரே கெட்டது. 1970களுக்குப் பிறகுதான் தேர்தல், நகரம், வளம், அடையாளம் என்று புதிய கேள்விகளோடு மீண்டும் எழுந்தது.

[திரை: ஏ9 வீதி, ஓமந்தை]

சரி, மறுபடி வன்னிக்கு வருவோம். 2002 போர்நிறுத்தத்தோடு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தபோது, அரசாங்கப் பகுதியையும் புலிகளின் பகுதியையும் பிரித்து ஓமந்தையில் ஒரு கோடு இருந்தது. எந்த வர்த்தமானியும் (அரசிதழும்) அதை எல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, பொதிகளை அவிழ்த்துக் காட்டித்தான் கடக்க வேண்டும். நேரமும் அங்கே மாறியது. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. வடக்கே போகிறவர் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பிய பிறகுதான் அந்த வித்தியாசம் போனது. ஆட்சி எதுவரை என்பதை மணிக்கூட்டு முள்ளே காட்டிய இடம் அது. இத்துறைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

[திரை: பற்றைக்காட்டு ஓரத்தில் எல்லைக்கல்]

இன்றைக்கு எரிகிற பிரச்சினை காணி. போரால் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் வயல்களைக் காடு மூடிவிட்டது. திரும்பி வந்தவர்களில் பலர் தங்கள் காணி வனத்துறையின் எல்லைக்கல்லுக்குள் கிடப்பதைக் கண்டார்கள். எந்த ஆண்டின் வரைபடத்தை வைத்து அந்தக் கல் நடப்பட்டது? அதற்கு முன்பு அங்கே விதைத்தவர் யார்? வன்னியில் அரசியல் புவியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் கையில் எடுக்க வேண்டிய கேள்விகள் இவை என்று நினைக்கிறேன்.