செருப்புக் காவலிலை பிறந்த கதை

நடுவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம். எனக்கு ஏழு நிமிடம். வணக்கத்துக்கு இவ்வளவு காணும்.

எழுத்து ஊறுவது யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆரவாரத்திலா, திருவிழா ஓய்ந்த அமைதியிலா எண்டது கேள்வி. ஆரவாரத்திலைதான் எண்டு கதைக்க வந்தனான். எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து ஒரு வசனம் விட்டார். "நல்லூர்க் கச்சான்கடைக்குப் பக்கத்திலை இருந்து எழுதினால் அந்த எழுத்து கச்சான் கடலை சுத்துற தாள் சரைக்குத்தான் போகும்" எண்டார். நீங்கள் கை தட்டினீங்கள். நானும் தட்டினனான், நல்ல வசனம்தானே.

ஆனால் ஐயா, என்ரை எழுத்து சரைக்குப் போகேல்லை. சரையிலை இருந்துதான் வந்தது!

கேளுங்கோ. தேருக்கு முதல் நாள், சப்பறத் திருவிழா. அம்மா, பெரியம்மா, மாமி, அக்கா, அக்காவின்ரை மூண்டு பிள்ளையள். ஏழு பேர். இளந்தாரி எண்டு நான் ஒருத்தன். வேட்டி கட்டாமல் காற்சட்டையோடை வந்ததுக்கு அம்மா அந்த இடத்திலையே தீர்ப்புச் சொல்லிப்போட்டா: "தம்பி, நீ செருப்பைப் பார்."

ஏழு சோடிச் செருப்பு, நடுவிலை நான். சட்டைப்பையிலை பேனை கிடக்கு, தாள் இல்லை. ஒரு சரை கச்சான் வாங்கித் திண்டு முடிச்சு, சரையை விரிச்சுத் தொடையிலை வைச்சுத் தடவினன். ஆரோ ஒரு பிள்ளையின்ரை கணக்குக் கொப்பித் தாள். ஒரு பக்கம் பின்னக் கணக்கு, மேலை சிவப்பு மையாலை பெரிய பிழை அடையாளம். மற்றப் பக்கம் வெறுமை. அந்த நேரம் ஒலிபெருக்கி சொல்லுது: "நீலச் சட்டை அணிந்த நாலு வயதுக் குழந்தை எங்களிடம் இருக்கிறது. பெற்றோர் உடனடியாக வரவும்." அதுதான் என்ரை முதற்கதையின்ரை முதல் வரி. தாய் எங்கை நிக்கிறா, பிள்ளை ஏன் கையை விட்டது எண்டு யோசிக்க யோசிக்க மிச்சம் தன்பாட்டிலை வந்தது.

தலையைக் குனிஞ்சு எழுதுறன். ஒரு பெரியவர் வந்து நிண்டார். என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "தம்பி, சோடிக்கு எவ்வளவு?" எண்டார். நான் வாய் திறக்க முதல் செருப்பைக் கழட்டி வைச்சு, 20 ரூபாவைத் தந்திட்டு உள்ளுக்கை போயிட்டார். எழுத வெளிக்கிட்டு எனக்குக் கிடைச்ச முதல் வருமானம் அந்த 20 ரூபா. நடுவர் அவர்களே, இண்டுவரைக்கும் கடைசி வருமானமும் அதுதான்!

அவரைப் பார்த்து இன்னும் மூண்டு பேர் வைச்சினம். ஏழு சோடி பதினொண்டாச்சு. பின்னாலை நிக்கிற அண்ணைக்குக் கேக்கேல்லையாம், திருப்பிச் சொல்லுறன்: பதினொரு சோடி! ஊரார் செருப்பெல்லாம் பத்திரம். பூசை முடிஞ்சு வந்து பார்த்தால், அம்மாவின்ரை சோடியை மட்டும் காணேல்லை.

எதிரணித் தங்கச்சி அமைதிக்குச் சாட்சியாய் ஆறுமுக நாவலரைக் கூப்பிட்டா. பிள்ளை, அவர் 1848இலை வண்ணார்பண்ணையிலை பள்ளிக்கூடம் தொடங்கினவர். அச்சுக்கூடம் நடத்தினவர். சிவன் கோயிலிலை வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்தவர். அவருக்கு எப்ப ஓய்வு கிடைச்சது?

திருவிழா நாளிலை விரதச் சமையல், வீடு முழுக்க வெளிநாட்டுச் சனம், எழுத மேசை எங்கை எண்டும் கேட்டீங்கள். எனக்கு மேசை வேண்டாம், மணி காணும். நல்லூரிலை மணி எண்டால் மணி, நேரம் தப்பாது. அந்த 25 நாளும் பின்னேரப் பூசை மணி கேட்டால் பேனையைத் தூக்குவன், சுவாமி வீதி சுத்தி வந்தால் வைப்பன். மற்ற நாளிலை முழு நாளும் கிடக்கும், பேனை மட்டும் அசையாது.

செருப்புக் கதையை முடிக்கேல்லை எல்லே.

அண்டைக்கு அம்மா முத்திரைச் சந்தி தாண்டிக் கல்வியங்காட்டு வீடுமட்டும் வெறுங்காலோடை நடந்தா. வழி முழுக்கப் பெரியம்மாவும் மாமியும் என்னைப் பேசிக்கொண்டு வந்தினம். அம்மா ஒண்டும் சொல்லேல்லை. படலையடியிலை நிண்டுதான் கேட்டா: "செருப்புக் கிடக்கட்டும் ராசா. எழுதி முடிச்சனியோ?"

இப்ப அம்மா ரொறன்ரோவிலை, அக்காவோடை. இந்த வருசம் கொடியேறினதிலை இருந்து வீடு சத்தமில்லை. மேசை இருக்கு, கதிரை இருக்கு, எதிரணி கேட்ட அவ்வளவு அமைதியும் இருக்கு. இருபத்திரண்டு நாள் வீட்டிலையே இருந்து பார்த்தன், ஒரு வரி வரேல்லை.

சப்பறத்தண்டு பின்னேரம், கதவுக்குப் பின்னாலை அம்மா விட்டிட்டுப் போன செருப்பை ஒரு பையுக்கை போட்டுக்கொண்டு நல்லூருக்குப் போனன். அதே மூலையிலை வைச்சிட்டுப் பக்கத்திலை குந்தினன். ஒரு சரை கச்சானும் வாங்கினன். கடைக்கார ஆச்சி எட்டிப் பார்த்து, "ஆற்றை செருப்பு தம்பி?" எண்டா.

"அம்மாவின்ரை."

"உள்ளுக்கை போயிட்டாவோ?"

"ஓமணை, இப்ப வந்திடுவா" எண்டு சொல்லிப்போட்டு, சரையை விரிச்சன்.

நடுவர் மணியிலை கை வைக்கிறார். வணக்கம்.